புலாவ் உபின் மரபு நடை: வரைபடமும் ஓத அட்டவணையும் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விடுமுறை வந்தால் மாணவர்களையும் சமூக மன்றக் குழுக்களையும் மரபு நடைக்காகச் சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள புலாவ் உபின் தீவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய குடியிருப்புகளைத் தேடினால் குழப்பமே மிஞ்சும். முன்பு உபின் ஒரே தீவாக இருக்கவில்லை. கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைகள் அதை ஐந்து துண்டுகளாகப் பிரித்திருந்தன. இறால் பண்ணைகளுக்குப் போட்ட மண்கரைகளே அவற்றை இணைத்தன. ஆகவே பழைய வரைபடத்தை இன்றையதன்மேல் பொருத்தும்போது கரையோரத்தை நம்பாதீர்கள். குன்றுகளையும் நம்ப முடியாது, பலவற்றைக் கல்லுக்காக வெட்டிவிட்டார்கள். பழைய சாலைச் சந்திப்புகளில் நான்கையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

உயரக் கணக்கிலும் பிழை நேர்கிறது. நில வரைபடம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது. கடல் ஏறி வற்றும் நேரத்தையும் உயரத்தையும் தரும் ஓத அட்டவணையின் சுழியமோ அதற்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இரண்டையும் கலந்தால், பழைய படகுத்துறைக் கால்கள் எந்த அளவு வற்றில் வெளியே தெரியும் என்ற கணக்கே தவறிவிடும். உபினின் கிழக்கு முனையில், கடல் வற்றும்போது வெளிப்படும் செக் ஜாவா திட்டுகளைப் பார்க்க, அட்டவணையில் 0.5 மீட்டரோ அதற்குக் குறைவோ உள்ள நாளைத் தேர்ந்தெடுத்து, கடைவற்றுக்கு, அதாவது நீர் மிகத் தாழும் நேரத்துக்கு, ஒரு மணி நேரம் முன்பே அங்கிருக்க வேண்டும்.

உபின் கருங்கல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 1851இல் ஒளியேற்றிய ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும் 1924இல் திறந்த ஜோகூர் கடற்பாலமும் அந்தக் கல்லைக் கொண்டு எழுந்தவை. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் அங்கே கல் உடைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பாறை விளிம்பில் சிறு அரைத்துளைகள் வரிசையாகத் தெரிந்தால் ஆப்பு வைத்துப் பிளந்தது. நீண்ட துளைத்தடமும் சுற்றிலும் விரிசலும் இருந்தால் வெடி வைத்தது. ஆனால் ஆப்பு முறை பிற்காலத்திலும் நீடித்ததால், தடத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லக் கூடாது. அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். திசையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலியிட்ட கல்குவாரிகளுக்குள் இறங்க வேண்டாம்.

தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் 'புலோ ஓபின்' (Pulo Obin) என்ற பழைய எழுத்துக்கூட்டலையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேட வேண்டும். முதியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். ஜப்பானியர் காலத்துக்கு முன்பா, கடைசிக் கல்குவாரி மூடிய 1999க்குப் பிறகா என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள்.

பள்ளி விடுமுறைக்கு முன், பகலில் 0.5 மீட்டருக்குக் கீழே வற்றும் நாள்களையும் நேரத்தையும் நம் நாளிதழ் வெளியிட்டால் ஏற்பாட்டாளர்கள் படகைத் தக்க நேரத்தில் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், பாசிர் ரிஸ்