பறவைக் கூடுகளின் படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் எடுத்தனுப்பும் படங்களுக்குத் தாங்கள் ஒதுக்கும் பக்கத்தில் தோட்டத்துப் பறவைகளும் வயல் வேலைகளும் இப்போது நிறைய வருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் அவற்றில் கணிசமானவை கூட்டுப் படங்கள்: வாயைப் பிளந்து நிற்கும் குஞ்சுகள், கூட்டுக்குள் முட்டைகள், இரையோடு வந்த தாய்ப்பறவை. இனி இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று கேட்கவே இக்கடிதம். அவற்றைவிட நல்ல படங்கள் அதே வேலியோரத்திலும் வரப்பிலும் கிடைக்கும் என்பதால் அதையும் எழுதுகிறேன்.

தவறாக எடுத்த படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கூட்டைச் சுற்றி வெட்டுப்பட்ட காம்புகள் வெளுப்பாகத் தெரிந்தால், வெளிச்சத்துக்காக மறைவு இலைகளைக் கிள்ளியிருக்கிறார்கள். நிழலில் இருக்கும் குஞ்சின் கண்மணி நடுவே குண்டூசித் தலை போல வெள்ளைப் புள்ளி இருந்தால் ஃபிளாஷ் அடித்திருக்கிறார்கள். இறகு இன்னும் விரியாமல் குழலுக்குள்ளேயே இருக்கும் குஞ்சுகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்தால், அவை தாமாக வந்து உட்காரவில்லை, யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். நத்தை மேல் சவாரி செய்யும் தவளையும், பூவைக் கையில் பிடித்திருக்கும் ஓணானும் இதே கணக்குதான். தும்பியின் உடலெங்கும் பனித்துளி இருக்கிறதா, கீழே விழும் நிழலைப் பாருங்கள். நிழல் குட்டையாகவும் அழுத்தமாகவும் இருந்தால் அது உச்சிவெயில். அந்த நேரத்தில் பனி ஏது? ஃபிரிட்ஜில் வைத்து மயக்கிவிட்டு ஸ்பிரேயரால் தண்ணீர் அடித்த பூச்சி அது.

கூட்டருகே போவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் ஆட்காட்டிக் குருவியைக் கவனிக்க வேண்டும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தரிசு நிலத்தில், வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே மூன்று நான்கு முட்டை இடும். கொளுத்தும் வெயிலில் தாய் உட்காருவது முட்டையைச் சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. பக்கத்து வாய்க்காலில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் கேமராவோடு எதிரே குந்தியிருந்தால் அது கத்திக்கொண்டே வட்டமடிக்குமே தவிர இறங்காது. வெறும் தரையில் முட்டை வேகும். தையல்சிட்டின் கதை வேறு. இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்துத் தைத்திருக்கும். உள்ளே பார்க்க இலையைச் சற்று விரித்தால் போதும், துளை கிழிந்து தையல் விட்டுவிடும். போதாததற்கு, மனிதன் எங்கே அடிக்கடி எட்டிப் பார்க்கிறான் என்பதைக் காகம் கவனித்துக்கொண்டே இருக்கும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. அதன் பட்டியல்களில் உள்ள பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வது, அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் வரையறைக்குள்ளேயே வருகிறது. பரிசு கொடுக்கும் பத்திரிகைகள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

சரி, தூக்கணாங்குருவியை எப்படித்தான் எடுப்பது? கூட்டை விட்டுவிட்டு, நார் கிழிக்கும் இடத்துக்குப் போங்கள். ஆண்குருவி நெற்பயிரிலோ தென்னை, பனை ஓலையிலோ உட்கார்ந்து, ஓலை ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போடும். வெட்டின் நுனியைக் கவ்விக்கொண்டு அப்படியே பறக்கும். பறக்கிற வேகத்திலேயே நார் நீளமாகக் கிழிந்துவரும். ஒரே ஓலைக்குத் திரும்பத் திரும்ப வருவதால் அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். ஷட்டர் வேகம் 1/1600 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. மஞ்சள் தலை, பின்னால் இழுபடும் பச்சை நார், விரிந்த சிறகு மூன்றும் ஒரே படத்தில் விழும். தொங்கும் கூட்டின் எந்தப் படமும் இதற்கு ஈடாகாது.

வயலில் எடுக்க ஆகச் சிறந்த காட்சி, என்னைக் கேட்டால், சேற்று உழவுதான். கேஜ்வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தொளி அடிக்கும்போது, அதாவது சேற்றைக் கலக்கி உழும்போது, புழு, பூச்சி, நண்டு, தவளை எல்லாம் மேலே வரும். உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, மடையான், மைனா, கரிச்சான் என ஒரு பட்டாளமே சக்கரத்துக்குப் பின்னால் நாலைந்து அடியில் நடக்கும். இத்தனை பறவை இருந்தும் பெரும்பாலான படங்களில் வால் பக்கம்தான் தெரிகிறது. காரணம் காற்று. பறவைகள் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட வேண்டும், வெயிலும் முதுகில் பட வேண்டும். இரண்டும் ஒரே திசையில் அமையும் வேளையைப் பிடிப்பதுதான் வித்தை. காவிரி டெல்டாவில் குறுவை நெல்லுக்கு உழும் ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. அதனால் மாலை நான்கரைக்கு மேல் மேற்கு வரப்பில் நின்றால் கொக்குகள் உங்களைப் பார்த்தே இறங்கும், முகத்தில் வெளிச்சமும் இருக்கும். காலையில் அதே வயலில் எங்கே நின்றாலும் ஏதோ ஒன்று குறையும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ்: காலையில் கிழக்கு வரப்பு. கடலோர ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று திரும்பிவிடுவதால் இந்தக் கணக்கு பொய்த்துப் போகலாம். ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டு நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்த சிக்கல் வெள்ளை. கறுத்த சேற்றைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு இறகின் வரி தெரியாமல் வெறும் சுண்ணாம்புத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 முதல் 1 வரை இறக்குங்கள். கம்பி மேல் உட்கார்ந்த கரிச்சானுக்கு வானம் பின்னணி என்றால் இதற்கு நேர்மாறு, பிளஸ் 1 அல்லது சற்று மேலே. ஓட்டுநரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். டிராக்டர் திரும்பும் மூலையில் நிற்கவே கூடாது. அங்கே வண்டி சரியும், வரப்பும் இடியும். ஐம்பது அடி தள்ளி நின்றாலும் 300 எம்எம் லென்சுக்குத் தாராளம்.

வீட்டுத் தோட்டத்தில் ஒரு மண்தட்டு போதும். ஒன்றரை அடி அகலம், ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் கரடுமுரடான ஒரு கல். வழவழப்பான பீங்கானில் பறவைக்குக் கால் வழுக்கும். புதருக்கு ஆறேழு அடி தள்ளி வையுங்கள். புதருக்குள்ளேயே வைத்தால் பூனைக்கு நாம் பந்தி வைத்ததாகிவிடும். தண்ணீரைத் தினமும் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கொசு. தட்டிலிருந்து ஓரடியில், விரல் பருமனுள்ள பட்டை உரியாத வேப்பங்குச்சியை நட்டுவிட்டால் சின்னானும் தவிட்டுக்குருவியும் முதலில் அதில் உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். படம் அந்தக் குச்சியில்தான், தண்ணீரில் அல்ல. குச்சிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடிக்குச் சுவரோ துணிக்கொடியோ இல்லாமல் செடிகொடி மட்டும் இருந்தால் பின்னணி தானாகக் கரைந்துவிடும். நீங்கள் ஓலைத்தட்டிக்குப் பின்னால் உட்காரலாம், ஆனால் தட்டியை மூன்று நான்கு நாள் முன்னதாகவே நட்டுப் பறவைகளைப் பழக்கிவிடுங்கள். தேன்சிட்டு பெரும்பாலும் தட்டுக்கு வராது. நனைந்த வாழை இலையில் புரண்டு குளிப்பதுதான் அதற்குப் பிடிக்கும். காலையில் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பாருங்கள்.

செல்பேசி மட்டும் உள்ளவர்கள் பறவையைத் துரத்துவதை விட்டுவிட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கலாம். எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு முதலில் பறவை எச்சம் போல ஒளிந்திருந்து, கடைசியில் பச்சையாக மாறுவதை ஒரே செடியில் வரிசையாக எடுக்கலாம். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் இருந்தால் சரி.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடவுப் பெண்களைப் பின்னாலிருந்து எடுத்த படங்கள் பத்திரிகைகளில் சர்வசாதாரணமாக வருகின்றன. குனிந்து நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது, தெரிந்தால் விரும்பவும் மாட்டார். வரப்பில் முழங்காலிட்டு, முன்பக்கம் சற்றுச் சாய்வாக, முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும் விரல்கள்தான் அங்கே விஷயம். நெல் தூற்றும் காட்சிக்கு வெயில் எதிரே இருக்க வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். அப்போதுதான் பதர் ஒவ்வொன்றும் ஒளிரும். அந்தத் தூசியில் லென்ஸ் கழற்றி மாட்டினால் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் தூசி படிந்துவிடும், ஒரே லென்சோடு போங்கள். மழைக்காலத்தில் லென்ஸ் பூசணம் பிடிக்காமலிருக்க இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீல மணிகள் வெளிறிச் சிவந்தால் சூடாக்கிக் காயவைக்கலாம். ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம், அந்த நீல மணிகளில் நஞ்சு உண்டு. இன்னொன்று: பொங்கல் தோறும் ஏர் மாட்டை வாடகைக்குப் பிடித்து எடுத்த படங்களைப் போடுவதைவிட, நிஜமாக உழுகிற டிராக்டரையே போடலாமே.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். போட்டி அறிவிப்பில் 'கூடு, முட்டை, கூட்டை விட்டுப் பறக்காத குஞ்சு ஆகியவற்றின் படங்கள் ஏற்கப்படாது' என்று ஒரு வரி சேருங்கள். பரிசுக்குத் தேர்வாகும் படத்தின் மூலக் கோப்பை வாங்கிப் பாருங்கள். தேவாங்கு, நட்சத்திர ஆமை, ஆந்தை போன்றவற்றுக்கு ஊர்ப் பெயர் போடாதீர்கள், இணையப் பதிப்பில் ஏற்றும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள். மற்ற படங்களுக்கு மாதம், பயிர், உயிரினத்தின் சரியான பெயர் மூன்றும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் 'கொக்கு' என்று போட்டுவிடுகிறார்கள். அலகு மஞ்சளானால் அது உண்ணிக்கொக்காகவோ பெரிய கொக்குகளில் ஒன்றாகவோ இருக்கலாம். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்