பத்துப் பாகைக்கு இறங்காத தொலைநோக்கித் தாங்கி: 78,500 ரூபாவைத் திருப்பிக் கேட்டு எழுதும் கடிதம்

அராலி,
யாழ்ப்பாணம்.
2025.10.14

முகாமையாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

இது நான் உங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றும் மின்னஞ்சல். மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு பெறப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கோபத்தோடு எழுதக்கூடாது என்று இரண்டு நாள் பொறுத்திருந்துதான் பேனையை எடுத்தேன்.

ஆகஸ்ட் 2ஆம் திகதி உங்கள் கொழும்புக் கடையில் 114 மில்லிமீற்றர் ஆடியும் 900 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உள்ள தொலைநோக்கி ஒன்றை, ஈக்குவற்றோரியல் தாங்கியோடு (வானம் சுழலும் போக்கிலேயே குழாயைத் திருப்பும் தாங்கி), 78,500 ரூபா கொடுத்து வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். நான் தச்சுத்தொழில் செய்பவன். பதினொரு யன்னல் செய்த கூலியில் மிச்சம் பிடித்த காசு அது.

தொலைநோக்கி எனக்குத் திடீரென்று வந்த ஆசை இல்லை. 2019 டிசம்பர் 26 காலை கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலாகப் போனபோது என் மகளுக்கு எட்டு வயது. வேப்பமரத்து நிழலில் இலைக்கு இலை நடுவால் விழுந்த வெளிச்சம் எல்லாம் மண்ணில் வளையல் வளையலாகக் கிடந்தது. அவள் அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள். அன்றிலிருந்து அவளும் வானத்தை விடவில்லை, நானும் விடவில்லை. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை எல்லாம் வெறுங்கண்ணால் காட்டிக் கொடுத்துவிட்டேன். அடுத்த படிக்குத்தான் உங்களிடம் வந்தேன்.

நான் கேட்டு வந்தது ஆறு அங்குல டொப்சோனியன் வகைத் தொலைநோக்கி. அதன் அடி வெறும் ஒட்டுப்பலகைப் பெட்டி. இடம் வலமாகத் திரும்பும், மேலும் கீழுமாக அசையும், அவ்வளவுதான். பழுதானால் நானே புதிதாகச் செய்துகொள்ளலாம். உங்கள் விற்பனையாளர்தான் அது கைவசம் இல்லை, இது அதைவிட நல்லது, ஒரு குமிழைத் திருப்பினால் போதும், கோள் கண்ணை விட்டு ஓடாது என்றார். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இந்தத் தாங்கி யாழ்ப்பாணத்து அகலக்கோட்டுக்கு இறங்குமா?" அவர் "எல்லா நாட்டிலும் வேலை செய்யும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் தீராமல் வாட்ஸ்அப்பிலும் கேட்டேன். "யாழ்ப்பாணத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எழுத்தில் பதில் வந்தது. அதையும் அச்சடித்து இணைத்திருக்கிறேன்.

நான் ஏன் அதையே கேட்டேன் என்று இந்தப் பொருளை விற்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. இந்த வகைத் தாங்கியின் ஓர் அச்சு துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் நீட்டி நிற்க வேண்டும். அது எத்தனை பாகை சாய்வது என்பது நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டைப் பொறுத்தது. லண்டனில் ஐம்பத்தொன்றரைப் பாகை. இங்கே பத்துக்கும் சற்றுக் குறைவு. எங்கள் வளவில் நின்று பார்த்தால் துருவ நட்சத்திரம் பனைவடலிக்கு மேல் கொஞ்சம்தான் எழும்பி நிற்கும். நீங்கள் விற்ற தாங்கியின் அளவுகோல் 20 பாகையோடு நின்றுவிட்டது. திருகு அதற்குக் கீழே போகவே இல்லை. முன்பக்கத் திருகைக் கழற்றிவிட்டுப் பதமாக இறக்கிப் பார்த்தேன். பதினைந்துக்குக் கிட்ட வரும்போதே குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர்நிறையை மாட்டும் கம்பி முக்காலியின் காலில் போய் இடித்தது. திருகு இல்லாமல் விட்டால் குழாய் தன் பாரத்தில் தலைகுப்புற விழப் பார்க்கிறது.

சாய்வு பிழைத்தால் என்ன, சந்திரன் தெரியுதுதானே என்று உங்கள் ஆட்கள் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. கண் வைத்துப் பார்க்கும் 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் 225 மடங்கு வரும். அந்த உருப்பெருக்கத்தில் சனிக்கிரகம் ஒரு நிமிடத்துக்குள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடிவிடும். அச்சு பத்துப் பாகை பிழைத்து நிற்கும்போது ஒரு குமிழைத் திருப்பினால் அது மேலே போகும், மற்றதைத் திருப்பினால் பக்கத்துக்குப் போகும். இரண்டு கையாலும் மல்லுக்கட்டிக்கொண்டு எதைப் பார்ப்பது? ஒரு குமிழ் போதும் என்றுதானே விற்றீர்கள்?

செப்டெம்பர் 7ஆம் திகதி இரவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பௌர்ணமி, முழுச் சந்திர கிரகணம். இரவு 11 மணிக்கு நிலவு முழுதாக மறைந்து 12.22 வரை செம்பு நிறத்தில் நிற்கும் என்று மகள் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அயலட்டையில் இருபது பேருக்கு மேல் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். எழுபத்து நாலு வயதான என் அம்மா கதிரை போட்டு முன்னுக்கு இருந்தா. அந்த நேரம் நிலவு ஏறத்தாழத் தலைக்கு நேரே. அந்தப் பக்கம் குழாயைத் திருப்பத் திருப்ப எதிர்நிறை காலில் இடித்தது. கடைசியில் நானும் தம்பியும் குழாயைக் கழற்றி, கையில் ஏந்திப் பிடித்து, அம்மாவுக்கு மட்டும் காட்டப் பார்த்தோம். அவ "ஏதோ சிவப்பாய் ஓடுது தம்பி" என்றா. பிள்ளைகள் ஒவ்வொருவராய் எழும்பிப் போனார்கள். என் மகள் அன்றிரவு ஒருவரோடும் பேசவில்லை. அந்த இரவை நீங்கள் எந்தப் பணத்தாலும் திருப்பித் தர முடியாது.

அதற்குப் பிறகு தொலைபேசியில் பதினேழு தடவை. அதில் ஒருவர், வடக்கே இறங்காவிட்டால் தென்துருவத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள் என்றார். எங்களுக்குத் தென்துருவம் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது ஐயா. தாங்கியை நிலத்துக்குள்ளா புதைப்பது? இன்னொருவர் முக்காலியின் ஒரு காலைக் கட்டை வைத்து உயர்த்தச் சொன்னார். மரத்தோடு முப்பது வருடம் வேலை செய்தவன் நான். இத்தனை பாரமுள்ள சாமானைப் பத்துப் பாகை சரித்து நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஓடித் திரியும் முற்றத்தில் அதைச் செய்ய மாட்டேன்.

பிறகு, தாங்கியைக் கொண்டு வாருங்கள், தொழில்நுட்பவியலாளர் பார்ப்பார் என்று நீங்களே திகதி தந்தீர்கள்: செப்டெம்பர் 18. நான் முதல் நாள் இரவு பஸ்ஸில் ஏறினேன். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர், காலுக்கு நடுவில் தாங்கிப் பெட்டி, மடியில் எதிர்நிறை. காலை ஒன்பது மணிக்கு உங்கள் கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். பகல் ஒன்றரை மணி வரை ஒரு கதிரையில் இருத்தி வைத்தார்கள். தேத்தண்ணி வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்றரைக்குத்தான் அந்த ஆள் லீவு என்றார்கள். பெட்டியை ஒருவரும் திறக்கக்கூட இல்லை.

அப்போது அந்த மேசையில் இருந்த இளைஞர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஐயா, இது விளையாட்டுச் சாமான். யாழ்ப்பாணத்தில இருந்து நட்சத்திரம் பார்த்து என்ன செய்யப்போறீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பிக்கு ஒன்றைச் சொல்லுங்கள். 1829இலேயே ஒரு சந்திர கிரகணத்தின் கணக்கைப் பற்றி அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினறிக்காரருக்கும் எங்கள் பஞ்சாங்கக்காரருக்கும் வாதம் நடந்த மண் இது. அந்தச் செமினறி இருந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். இங்கே தென்சிலுவையையும் பார்க்கலாம், துருவ நட்சத்திரத்தையும் பார்க்கலாம். ஒரே வளவில் நின்று இரண்டையும் பார்ப்பது லண்டன்காரருக்குக் கிடைக்காத பாக்கியம். நட்சத்திரம் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லையா? அதைக் கேட்பதற்கு அவர் யார்?

மன்னிக்க வேண்டும், கோபம் வந்துவிட்டது. உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். பார்சல் பகுதியில் ஒரு அம்மா, பார்வைத்துண்டு ஒன்று குறைந்திருந்தபோது அடுத்த நாளே கூரியரில் அனுப்பி வைத்தா. அவவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. பெட்டியில் பெரிய எழுத்தில் "675 மடங்கு" என்று இருக்கிறது. 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டோடு உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையைச் சேர்த்தால் கணக்கில் அந்த எண் வரும். ஆனால் ஆடியின் மில்லிமீற்றர் அளவைப் போல இரண்டு மடங்குதான் பயனுள்ள எல்லை. 114 மில்லிமீற்றர் ஆடிக்கு அது 228. அதற்கு மேலே போனால் மங்கிய ஒரு கறைதான் தெரியும். நான் அந்த எண்ணை நம்பி வாங்கவில்லை. ஆனால் முதல் தடவை வாங்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நம்பும். பெற்றோரிடம் அழுது வாங்கிவிட்டு, ஒரு கிழமையில் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடும்.

இப்போது ஐப்பசி பிறக்கப்போகிறது. இனி மழை. மார்கழி முடியும்வரை எங்கள் வானம் மூடித்தான் கிடக்கும். ஆகஸ்டும் செப்டெம்பரும்தான் எங்களுக்கு இருந்த நல்ல இரவுகள். சனிக்கிரகம் செப்டெம்பர் 21இல் சூரியனுக்கு நேரெதிரே நின்றது. வளையம் ஊசி போல மெலிந்து தெரியும் இப்படியான வருடம் ஏறத்தாழப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அடுத்த முறை என் மகளுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். ஒரு வருட வானத்தை நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். 78,500 ரூபாவும், 18ஆம் திகதிப் பயணத்துக்கான பஸ் காசு, ஆட்டோ காசு, ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்து 9,200 ரூபாவும் திருப்பித் தாருங்கள். அல்லது, நீங்கள் முதலில் இல்லை என்ற ஆறு அங்குல டொப்சோனியனை வீட்டுக்கு அனுப்புங்கள். விலை வித்தியாசம் நியாயமாக இருந்தால் நான் தருவேன். எதுவானாலும் பழைய பெட்டியை உங்கள் செலவில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். நான் இனி அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற மாட்டேன்.

நல்ல முறையில் முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலம் நவம்பர் 2ஆம் திகதியோடு முடிகிறது. அதைக் கடத்திவிடத்தான் இழுத்தடிக்கிறீர்களோ என்ற சந்தேகமும் வந்துவிட்டது. அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து ஏற்கெனவே விசாரித்துவிட்டேன். முறைப்பாட்டை எழுதி, வாட்ஸ்அப் பதிலையும் வைத்து, உறையும் ஒட்டியாயிற்று. ஒக்டோபர் 27க்குள் உங்கள் கையொப்பத்தோடு பதில் வராவிட்டால் 28ஆம் திகதி காலை நானே நேரில் போய்க் கொடுப்பேன்.

தயவுசெய்து இந்த முறையாவது ஒரு மனிதர் வாசித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அராலியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: பெட்டிக்குள் சூரியனைப் பார்க்க என்று பார்வைத்துண்டில் திருகும் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. ஆடி திரட்டும் வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும். சூட்டில் அது வெடித்தால் பார்ப்பவரின் கண் போய்விடும். சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயில் பொருத்துவதாக இருக்க வேண்டும். என் மகள் அதை எடுத்துத் திருகிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகத்தான் கண்டேன். கடையில் இருக்கும் மற்றப் பெட்டிகளில் இருந்து அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். என்னிடம் இருந்ததைத் திருப்பி அனுப்ப மாட்டேன். சுத்தியலால் உடைத்துவிட்டேன்.