171 நாளும் 84 நாளும்

வண்டிப்பெரியாறு
18-1-2026

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே தேயிலை எஸ்டேட் ஆபீசுக்கு வந்துவிட்டது. மகரவிளக்குக் கூட்டத்தில் குமுளி ரோடு முழுக்க வண்டி. தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்தில் பாதிப் பேர் கம்பத்துக்கும் தேனிக்கும் இறங்கிவிட்டார்கள். அந்த ஓட்டமெல்லாம் அடங்கி இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. போனில் பேசலாமே என்று கேட்பாய். இந்த மேட்டில் டவர் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். ராத்திரிப் பனியில் அங்கே நின்று உன் மகளின் படிப்பைப் பேச என்னால் ஆகாது.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கட்டிங் டேபிளில் இருபது வருஷம் நின்ற கால், அது வலிக்காமல் என்ன செய்யும். ஸ்டூல் போட்டுக்கொள், முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். இங்கே கொழுந்து குறைவு, மேல் காட்டில் கவாத்து நடக்கிறது. நம் பள்ளிக்கூடத்து ஓடு மாற்றிவிட்டார்கள். தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் எண்ணிக்கைதான் ஓடு மாற்றுகிற அளவுக்கு இல்லை.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். பி.காம். முடித்துவிட்டு எம்.பி.ஏ. எச்.ஆர். சேரலாமா, இல்லை நான் படித்த மாதிரி தொழிலாளர் மேலாண்மை எம்.ஏ. போகலாமா என்று கேட்டிருக்கிறாய். 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று நீயே ஒரு தீர்ப்பும் எழுதியிருக்கிறாய். ஒண்ணு இல்லை மாப்ள. உத்தியோகத்தில் சேர்ந்து நாலு வருஷம் போனால் இரண்டு பேரும் ஒரே ரூமில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ரூமுக்கு வந்த வழி வேறு.

நான் பார்த்த எம்.பி.ஏ. பாடத்திட்டங்களில் முதல் வருஷம் கணக்கு, சந்தை, நிதி என்று எல்லாம் கலந்து வரும். இரண்டாம் வருஷம்தான் ஆள் எடுப்பது, பயிற்சி, சம்பளம் வகுப்பது, வேலையை மதிப்பிடுவது. தொழிலாளர் சட்டம் ஒரு பேப்பர், மிஞ்சிப்போனால் இரண்டு. சம்பளம் நன்றாகக் கிடைக்கும், மறுக்கவில்லை. எம்.ஏ.வில் சட்டமும், சங்க வரலாறும், கூலிப் பேச்சுவார்த்தையும், களப்பணியும்தான் முதுகெலும்பு. எனக்குப் பாடம் எடுத்தவர் எங்களைப் பழைய மில் இருந்த பெரம்பூருக்கே கூட்டிப்போனார். திரு.வி.க.வை நமக்குத் தமிழ் வாத்தியார் உரைநடைக்காரராகத்தானே காட்டினார்? 1918-ல் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் ஆட்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் அதன் தலைவர் பி.பி. வாடியாவோடு முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அந்த மில்காரர்களின் குறைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரம் அரை மணி போதவில்லை என்பது. 'இன்றைக்கும் பேச்சுவார்த்தைக்குப் போனால் முதலில் சாப்பாட்டு நேரத்தைக் கேளுங்கள், மற்றதெல்லாம் தானாக வெளியே வரும்' என்றார் அந்தப் பேராசிரியர். கோயம்புத்தூர் மில்லில் பன்னிரண்டு வருஷம் இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். பலித்தது.

உனக்கு ஒரு கதை சொல்லவேண்டும். இதுவரை உன்னிடமும் சொன்னதில்லை.

2000-ல் நம் எஸ்டேட் பூட்டினபோது நான் அங்கே ஆட்களின் வருகையும் கூலியும் எழுதும் செக்ரோல் கிளார்க். நீ அதற்கு முன்னாலேயே திருப்பூர் பஸ் ஏறிவிட்டாய். பூட்டுவதற்கு முந்தின வாரம், பெரிய வயசு ஆட்களுக்கு சர்வீஸ் ஷீட் எழுது என்று ரைட்டர் என்னிடம் பழைய செக்ரோல் புத்தகங்களைக் கொடுத்தார். கரையான் தின்ற ஓரம், சாணித்தாள் வாடை. ஒவ்வொரு ஆளுக்கும் வருஷவாரியாக எத்தனை நாள் வேலை என்று எண்ணி, 240 நாள் தேறின வருஷத்துக்கு ஒரு டிக். வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் கிராச்சுவிட்டிப் பணத்துக்குக் கணக்கு அப்படித்தான். முழுசாகத் தேறின ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. அம்மாவின் ஷீட்டையும் நான்தான் எழுதினேன். 29 வருஷம் காட்டில் நின்றிருக்கிறார். ஒரு வருஷம் 171 நாள், இன்னொரு வருஷம் 163. இரண்டுக்கும் டிக் போடாமல் 27 என்று கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டு வருஷங்களில் வரிசையாக 'ஏ', 'ஏ' என்று ஆப்சென்ட் போட்டிருந்தது. என்ன மாசம், எந்த வருஷம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

2002-ல் சென்னையில் வகுப்பு. 1972 கிராச்சுவிட்டி சட்டத்தில் 'தொடர்ச்சியான பணி' என்றால் என்ன என்று நடத்துகிறார்கள். பெண் தொழிலாளிக்குப் பிரசவ விடுப்பு, அப்போதைய சட்டப்படி, 12 வாரம் வரைக்கும் வேலை செய்த நாளாகவே சேரும் என்று ஒரு வரி. நோட்டின் ஓரத்தில் சும்மா எழுதிப் பார்த்தேன். 12 வாரம் என்றால் 84 நாள். 171-ம் 84-ம் 255. 163-ம் 84-ம் 247. இரண்டும் 240-ஐத் தாண்டுகிறது. அந்த இரண்டு வருஷமும் நானும் என் தங்கையும் பிறந்த வருஷங்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, அந்த வாரத்தில் அறுபது பெண்களுக்காவது ஷீட் எழுதியிருப்பேன். உன் பெரியம்மாவுக்கும் எழுதினேன். ஊருக்கு வந்து பார்த்தால் ஆபீஸ் பூட்டு, புத்தகங்கள் உள்ளே. சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, கிராச்சுவிட்டி வழக்கைப் பார்க்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனு எழுதி, கதவைத் திறக்கவைத்து, கிடைத்த புத்தகங்களை வைத்துப் பதினேழு பேருக்குத் திருத்த முடிந்தது. மீதிப் புத்தகங்களை மழை கொண்டுபோய்விட்டது. உன் பெரியம்மாவின் புத்தகம் அந்த மீதியில்தான். இதைச் சொல்ல எனக்கு இருபத்திநாலு வருஷம் ஆகியிருக்கிறது.

அம்மாவுக்குப் பணம் கைக்கு வர 9 வருஷம் பிடித்தது. இரண்டு பிரசவத்துக்கும் சேர்த்துக் கூடுதலாக வந்தது 30 நாள் கூலி. எண்ணி முடித்துவிட்டு, "உனக்குப் பதினஞ்சு, தங்கச்சிக்குப் பதினஞ்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஆகவே பாப்பா எந்தக் காலேஜுக்குப் போனாலும் ஒன்று மட்டும் பார்க்கச் சொல். வருகை எழுதும் மஸ்டர் புத்தகத்தையும் கூலிப் பதிவேட்டையும் கையில் கொடுத்து எண்ணவைக்கிறார்களா? களப்பணி என்று சொல்லிவிட்டு ஏசி ரூமில் உட்காரவைத்து பிரசெண்டேஷன் செய்யவைத்தால் அந்தப் பணத்துக்கு அவள் திருப்பூரிலேயே ஒரு கம்பெனியில் ஆறு மாசம் டைம் ஆபீசில் இருக்கலாம். இதில் எனக்குக் கொஞ்சம் வீம்பு உண்டு, தெரியும். ஆட்களை வட்டமாக நிற்கவைத்துப் பந்து போட்டுப் பிடிக்கச் சொல்லும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஆறு மணிக்கு எழுந்து, எட்டு மணி நேரம் நின்று கொழுந்து எடுத்தவளுக்குப் பந்து எதற்கு?

இடங்கள் கேட்டாயே. சென்னையில் அரசாங்கத்தின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ.வும் எம்.ஏ.வும் உண்டு, செலவும் உன் கைக்கு அடங்கும். எழும்பூரில் 1952-லிருந்து நடக்கிற சமூகப்பணிக் கல்லூரி. இந்தப் பக்கம் என்றால் களமசேரி ராஜகிரி, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் லயோலா. அவளுக்கு மலையாளம் பேச வரும், எழுதத்தான் வராது. அது ஒரு தடை இல்லை. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. இரண்டும் பெரிய இடம், நுழைவுத் தேர்வு கடுமை, செலவும் கடுமை. லோன் வாங்கினால் அதைக் கட்டவே அவள் பெரிய கம்பெனிக்குப் போகவேண்டி வரும். அது தப்பில்லை, ஆனால் தெரிந்து போகட்டும்.

வேலை கிடைக்குமா என்ற உன் கவலைக்கு ஒரு நல்ல செய்தி. போன நவம்பர் 21-ம் தேதி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். 29 பழைய சட்டங்களை நாலாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய கணக்கில் பேக்டரிக்கு 500 ஆள், தோட்டத்துக்கு 300 ஆள் இருந்தால்தான் நலஅலுவலர் கட்டாயம். புதுசில் இரண்டுக்கும் 250. என்னை மாதிரி ஆட்களுக்கு இடம் கூடும். இன்னொரு பக்கம், ஆட்குறைப்புக்கும் ஆலையைப் பூட்டுவதற்கும் அரசாங்க அனுமதி கேட்கவேண்டிய எல்லை 100 ஆளிலிருந்து 300-க்குப் போய்விட்டது. அதற்குக் கீழே ஆள் வைத்திருப்பவன் சுலபமாகக் கதவைச் சாத்தலாம். ஆக, எனக்கு வேலை கிடைக்கும் சட்டத்திலேயே மற்றவனுக்கு வேலை போகவும் வழி இருக்கிறது. நான் மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் அத்தனையும் வீண். அந்த 240 நாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

2015 நினைவிருக்கிறதா? மூணாறில் நம் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது நீ ராத்திரி போன் பண்ணி அழுதாயே. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனதில் கிளம்பிய நெருப்பு. கம்பெனியும் எதிர்பார்க்கவில்லை, சங்கத் தலைவர்களும் எதிர்பார்க்கவில்லை. அவர்களைத்தான் பெண்கள் முதலில் விரட்டினார்கள். முடிவில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 கருணைத்தொகை. கூட்டிப் பார், அதே 20. சட்டப்படி குறைந்தபட்சம் 8.33, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. மிச்சத்துக்குக் 'கருணை' என்று பெயர் வைத்தவன் நிச்சயம் எங்கள் படிப்புப் படித்தவனாகத்தான் இருப்பான். அதற்குப் பின்னால் தினக்கூலி 232-லிருந்து 301 ஆனது. அவர்கள் கேட்டது 500.

இப்போது இங்கே லயத்தில் பாதி வீடு ஜார்க்கண்ட், அசாம்காரர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நின்றால் நம் தாத்தா காலம் மாதிரியே இருக்கிறது. மொழி தெரியாமல் கங்காணி வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன மாசம் ஒரு பெண், கைப்பிள்ளையோடு ஆபீஸ் வாசலில் நின்றாள். பி.எப். பணம் எடுக்க முடியவில்லை. ஆதாரில் சுக்மணி. நம் கிளார்க் செக்ரோலில் சுகுமணி என்று எழுதி, பி.எப்.பில் சுகுமாரி என்று ஏற்றியிருக்கிறான். 'கேட்டேன் சார், அவள் அப்படித்தான் சொன்னாள்' என்கிறான். இருபத்திரண்டு வயசுப் பையன். திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கார்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் திருத்தல் படிவம் எழுதவைத்தேன். அவள் கைநாட்டு வைக்கும்போது பிள்ளை என் ஸ்டாம்ப் பேடில் கையை முக்கிவிட்டது. படிவத்தில் இரண்டு கைநாட்டு. புதுசு எழுதவேண்டியதாயிற்று.

பரீட்சை முடிந்து மே மாசம் பாப்பாவை ஒரு பதினைந்து நாள் இங்கே அனுப்பு. கம்பத்தில் இறங்கிக் குமுளி பஸ் ஏறச்சொல், குமுளியில் நான் நிற்கிறேன். எங்கள் வீட்டில் அம்மாவோடு படுத்துக்கொள்ளட்டும். காலையில் பிரட்டு, மத்தியானம் கிரெச், சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடம், அப்புறம் என்னோடு ஆபீசில் பதிவேடு. பிடித்தால் எம்.ஏ., பிடிக்காவிட்டால் எம்.பி.ஏ. அவளே சொல்லட்டும், நீ நடுவில் வராதே.

பெரியம்மாவிடம் நான் எழுதியதைப் படித்துக் காட்டு. காட்டமாட்டாய் என்று தெரியும். நானே மாசியில் வருகிறேன்.

அம்மா ஒரு ஸ்வெட்டர் கேட்டார்கள். தலை வழியாகப் போடுவது வேண்டாம், கை தூக்க முடியவில்லை. முன்பக்கம் பட்டன், பெரிய பட்டன். எக்ஸ்போர்ட் ரிஜெக்டில் கிடைத்தால் பாப்பாவிடம் கொடுத்துவிடு.

உன்
மச்சான்