குழாய் மட்டும் இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

பருவமழைக்கு முன் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்புகளைக் கணக்கெடுக்கப் போவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கணக்கெடுப்பு சரி, எதை எண்ணப் போகிறார்கள்? 2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் இந்த அமைப்பைக் கட்டாயமாக்கியதன் நோக்கம் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவது. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழியை அரசு விதித்த கெடுவுக்குள் வெட்டுவது அதன் முதல் வேலை. கெடு முடிந்ததும் முதல் வேலையே மொத்த வேலையாகிவிட்டது. எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடியிலிருந்து பிவிசி குழாய் ஒழுங்காகத்தான் இறங்குகிறது. குழிக்குள் நீரை வடிகட்டப் போட்ட கூழாங்கல்லும் மணலும் வண்டல் படிந்து இறுகிக் கிடக்கின்றன. கார் நிறுத்த வசதியாக மூடியின் மேல் டைல்ஸ் வேறு பதித்துவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தெருவுக்குத்தான். ஆனாலும் கணக்கெடுக்க வருபவர் குழாயைப் பார்த்து 'உண்டு' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இம்முறை மூடியைத் திறக்கச் சொல்லி, நான்கு வாளி தண்ணீர் ஊற்றி, அது இறங்குகிறதா என்று பார்க்கட்டும். அப்புறம், எத்தனை கட்டடங்களில் குழி உண்டு என்ற எண்ணிக்கையோடு, ஒவ்வொரு வார்டிலும் மே மாதமும் ஜனவரியிலும் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்பதையும் உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

– வாசகர், மதுரை