கிழக்குப் பார்த்த கடற்கரையில் சூரிய அஸ்தமனம் விற்றவர்களுக்கு

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ‘அம்மாவும் மகளும்’ பிறந்தநாள் கடற்கரை பேக்கேஜில் விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கிடைத்தது வேறொன்று – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

என் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காகத் தங்கள் நிறுவனத்தின் ‘அம்மாவும் மகளும்’ பேக்கேஜில் பதிவு செய்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, அவரை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். திரும்பியதும் மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். அதற்கு வந்த பதில் மிக நீளமானது; ஆனால் சாரம் ஒன்றே ஒன்றுதான். ‘இயற்கை நிகழ்வுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது.’ அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கு நேர்ந்த எதுவும் இயற்கையால் நேரவில்லை. மழை பெய்யவில்லை. புயல் வீசவில்லை. சூரியன் உதிக்கவேண்டிய திசையில் உதித்தது, கடல் ஏறவேண்டிய நேரத்தில் ஏறியது. அந்தப் பயணத்தில் ஒழுங்காக நடந்துகொண்டவை அவை இரண்டும்தான்.

முதலில் அஸ்தமனம். கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்கவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவர் பெரிதாக எதையும் கேட்கிறவர் அல்லர். அதனால்தான் பல நிறுவனங்களின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, தங்கள் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்தேன். அதன் முகப்புப் படத்தில் ஒரு பால்கனி, இரண்டு நாற்காலிகள், எதிரே கடல், கடலின் விளிம்பில் பாதி மூழ்கிய சிவந்த சூரியன். படத்தின் கீழே ‘உங்கள் பால்கனியிலிருந்தே அஸ்தமனம்’ என்ற வாசகம். முதல் நாள் மாலை அம்மாவும் நானும் கரையில் இடம்பிடித்து உட்கார்ந்தோம். கடல் எதிரே இருந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. விடுதிக்குப் பின்புறம் உயர்ந்து நிற்கும் மலை, அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே சூரியனை மறைத்துவிட, கரை முழுவதும் நிழல் விழுந்தது. பக்கத்தில் வலையை மடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அம்மா கேட்டார். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. “இது கிழக்குப் பார்த்த கரை அம்மா, காலையில் வாருங்கள்” என்றார்.

இதைப் பற்றிக் கேட்டதற்குத் தங்கள் பதில்: ‘சூரியன் மறையும் இடம் பருவத்துக்கேற்ப மாறக்கூடியது.’ இந்த வரியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை அனுப்பும் முன் யாராவது படித்துப் பார்த்திருக்கலாம். சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் நகர்கிறது என்பது உண்மைதான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் நேர் மேற்கே மறையும். மற்ற மாதங்களில் அதற்கு வடக்கேயோ தெற்கேயோ தள்ளி மறையும். எவ்வளவு தள்ளிப் போனாலும், அந்த ஊரில் அது மேற்குப் பக்கத்தைவிட்டு எதிர்ப் பக்கத்துக்கு வந்துவிடாது. நிலத்திலிருந்து கடலுக்குள் நீண்டிருக்கும் முனையாக இருந்தால் இரண்டு பக்கமும் கடல் தெரியும் என்று வாதாடலாம். தங்கள் விடுதி இருப்பதோ வளைவே இல்லாத நேர்க்கரையில், முதுகை மலைக்குக் காட்டிக்கொண்டு. வரைபடத்தை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும்.

‘படங்கள் மாதிரிக்கு மட்டுமே’ என்று நிபந்தனைப் பகுதியில் சிறிய எழுத்தில் இருப்பதையும் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். மெத்தை விரிப்பின் நிறம் மாதிரியாக இருக்கலாம். மேசையில் இருக்கும் பூச்சாடி மாதிரியாக இருக்கலாம். திசைகூடவா மாதிரி?

அந்தப் பால்கனிக்கு வருகிறேன். கடலை நோக்கிய அறை வேண்டும் என்று கேட்டு, அதற்கென்று தனியாகக் கூடுதல் கட்டணம் செலுத்தினேன். ரசீதில் அது தனி வரியாகவே இருக்கிறது. கொடுக்கப்பட்ட அறையின் பால்கனிக்கு நேர் எதிரே வண்டி நிறுத்துமிடம். இடது ஓரத்தில் கருப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி, அதையடுத்துப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கோடு தெரிந்தது. அதுவும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்தால்தான். அம்மா சாயவில்லை, நான் சாய்ந்து பார்த்து “தெரிகிறது” என்று சொன்னேன். வரவேற்பு மேசையில் கேட்டபோது, இது ‘பகுதிக் கடல்காட்சி’ வகை என்றார்கள். பதிவு செய்த பக்கத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அந்தப் பக்கத்தின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீங்கள் இப்போது அதை மாற்றியிருந்தாலும் அன்றைக்கு இருந்தது என்னிடம் இருக்கிறது.

அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி, ஊன்றுகோலுடன் நடக்கிறார், தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன். ‘உறுதி செய்யப்பட்டது’ என்று தங்கள் ஊழியர் அனுப்பிய மின்னஞ்சலும் இருக்கிறது. லிஃப்ட் பழுதாகியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி அவர் ஏறிக்கொண்டிருக்கும்போதே என் கைபேசிக்குத் தங்களிடமிருந்து செய்தி வந்தது: ‘உங்கள் வருகை இனிமையாக அமைந்ததா? ஐந்து நட்சத்திரங்கள் தாருங்கள்!’

கேக்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதில் அம்மாவின் பெயருக்குப் பதில் என் பெயர் இருந்தது. அம்மா சிரித்துவிட்டு வெட்டினார். அதை நான் புகாராகச் சேர்க்கவில்லை.

ஆனால் கடல்வழி நடை அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. நான் கோபப்படுவது அதற்காகத்தான். கரையிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் பாறைத் திட்டுக்கு, கடல் வற்றும்போது தலைகாட்டும் மணல்பாதை வழியாக நடந்து போய் வருவது பேக்கேஜின் சிறப்பு அம்சம். ‘தினமும் பிற்பகல் 2 மணிக்கு, வழிகாட்டியுடன், எல்லா வயதினருக்கும் ஏற்றது’ என்பது தங்கள் வாசகம். தினமும் 2 மணிக்கு என்று எழுதியவருக்குக் கடலைத் தெரியாது. அங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றுகிறது. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகிறது. நிலவை ஒட்டி நடக்கிற கணக்கு அது. அலுவலக நேரத்துக்குக் கட்டுப்படாது. இன்றைக்கு 2 மணிக்கு வற்றியிருக்கும் பாதை, ஒரு வாரம் கழித்து அதே 2 மணிக்கு ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் இருக்கும்.

நாங்கள் போனது பௌர்ணமி அன்று. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் சேர்ந்து இழுப்பதால், ஏற்றம் வழக்கத்தைவிட உயரமாகவும் வற்றம் வழக்கத்தைவிடத் தாழ்வாகவும் இருக்கும். உயிர்காப்பாளர் கூண்டின் சுவரில் அன்றைய நேரங்களைச் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். அதை முதலில் பார்த்தவர் அம்மா. வற்றம் காலை 10.20, ஏற்றம் மாலை 4.35. அதாவது நாங்கள் அறையில் சும்மா உட்கார்ந்திருந்த காலை வேளையில் அந்தப் பாதை நன்றாகக் காய்ந்து கிடந்திருக்கிறது. 2 மணிக்கு வழிகாட்டி வந்து கூப்பிட்டபோது அதன் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “இவ்வளவுதான் அம்மா இருக்கும், சீக்கிரம் போய்விட்டு வந்துவிடலாம்” என்றார்.

வற்றத்திலிருந்து ஏற்றம் வரைக்கும் உள்ள ஆறு மணி நேரச் சொச்சத்தில் கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக ஏறும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே மொத்த உயரத்தில் பாதியளவு ஏறிவிடும். வழிகாட்டி எங்களை இறங்கச் சொன்னது சரியாக அந்த நடுப்பொழுதில். அம்மா இறங்கவில்லை. கரையோரத்தில் ஊன்றுகோலை மணலில் நட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் வழிகாட்டியும் பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் கோலின் ரப்பர் முனையைத் தாண்டி ஒரு சாண் ஏறியிருந்தது. அம்மா எதுவும் பேசாமல் கோலை உருவி, ஈரம் பட்ட இடத்தை அவரிடம் விரலால் தொட்டுக் காட்டினார். அதற்குள் உயிர்காப்பாளர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்துவிட்டார். நாங்கள் இறங்கியிருந்தால், ஊன்றுகோலுடன் நடக்கும் ஒரு பெண்மணி திரும்பி வரும்போது மார்பளவு தண்ணீரில் நின்றிருப்பார்.

வழிகாட்டியின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேலைக்குச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகின்றன என்றார். கையில் கொடுத்த அட்டவணைப்படி செய்தார். அந்த அட்டவணையை அச்சடித்தவர்கள் நீங்கள். கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் ஆண்டு தொடங்கும் முன்பே கணக்கிட்டு வெளியிடப்படுகின்றன. துறைமுகம் வைத்திருப்பவர்களும் படகோட்டிகளும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் பிழைக்கிறார்கள். இத்தனை துல்லியமாக முன்கூட்டியே தெரிகிற ஒன்றை ‘எதிர்பாராத இயற்கை நிகழ்வு’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

‘பாதுகாப்பான தனியார் நீச்சல் கரை’ என்றும் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் இருந்தவரையில் அங்கே சிவப்புக் கொடிதான் பறந்தது. உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதியைக் காட்டுகிற, மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடியைப் பார்க்கவே இல்லை. வரவேற்பில் விசாரித்தபோது, “அது எப்போதும் பறப்பதுதான்” என்றார்கள். எப்போதும் சிவப்புக் கொடி பறக்கும் கரையை நீச்சலுக்கென்று விற்பது வாடிக்கையாளருக்குச் சொல்லும் சிறிய பொய் அல்ல. யாரையாவது பலிவாங்கக்கூடிய பொய்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. பௌர்ணமி நிலவு, சூரியன் மறைகிற வேளையை ஒட்டி அதற்கு எதிர்த்திசையில் எழும். கிழக்குப் பார்த்த கரையில் அது கடலிலிருந்தே எழும். விடுதியின் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்யும் பெண்தான், அம்மாவின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, “நிலவு வருகிற நேரம், வாருங்கள்” என்று எங்களைக் கடலைப் பார்த்த திண்ணைக்கு அழைத்துப் போனார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். செப்பு நிறத்தில், அடிப்பக்கம் சற்று நசுங்கினாற்போல், நிலவு தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. அம்மா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பேக்கேஜில் இல்லாத, நீங்கள் பணம் வாங்காத அந்தக் காட்சிதான் அவருடைய பிறந்தநாளாக அமைந்தது. இதையே நீங்கள் உண்மையாகச் சொல்லி விற்றிருக்கலாம். ‘இங்கே அஸ்தமனம் கிடையாது, உதயம் உண்டு, பௌர்ணமியில் வந்தால் நிலவு உண்டு’ என்று எழுதியிருந்தால், கூடுதல் கட்டணம் கொடுத்தும் வந்திருப்போம்.

விருந்தினரை அனுமதியில்லாத இடத்துக்கு அழைத்துப் போனார் என்று அந்தப் பெண்ணின்மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். அவர் பெயரை நான் எங்கும் தரவில்லை, தரவும் மாட்டேன்.

சமாதானமாகத் தாங்கள் அனுப்பிய, அடுத்த பயணத்துக்கான பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பனை ஏற்கவில்லை. அது மூன்று மாதத்தில் காலாவதியாகிறது. அதற்குள் அந்தக் கரை மேற்குப் பக்கம் திரும்பிவிடப்போவதில்லை.

நான் கேட்பது இவைதான். கடலை நோக்கிய அறைக்காக வாங்கிய கூடுதல் கட்டணம் முழுவதையும், நடக்காத கடல்வழி நடைக்கான தொகையையும் பணம் செலுத்திய அதே கார்டுக்குத் திருப்பி அனுப்பவேண்டும். தரைத்தள அறையை உறுதி செய்துவிட்டு மூன்று மாடி ஏற வைத்ததற்கு, அறை வாடகையில் நியாயமான ஒரு பங்கைக் கழிக்கவேண்டும். அஸ்தமனப் படத்தையும் நீச்சல் வாசகத்தையும் விளம்பரத்திலிருந்து நீக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடல்வழி நடையின் நேரத்தை அந்தந்த நாளின் வற்ற நேரத்தை வைத்தே குறிக்கவேண்டும். அதுவரை அந்த நடையை நிறுத்திவைக்கவேண்டும். பணம் தர நாளானாலும் பொறுத்துக்கொள்வேன். இது ஒன்றுக்குப் பொறுக்கமாட்டேன், ஏனென்றால் இன்றைக்கும் பிற்பகல் 2 மணிக்கு யாரையோ அங்கே கூப்பிட்டிருப்பார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கார்டு வழங்கிய வங்கியிடம் கட்டணத்தை மறுத்து விண்ணப்பிப்பதோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிலும் முறையிடுவேன். விளம்பரப் பக்கத்தின் பிரதி, ரசீது, தரைத்தள அறையை உறுதி செய்த மின்னஞ்சல், பால்கனியிலிருந்து எடுத்த படம், உயிர்காப்பாளர் கூண்டின் சுவர்ப் படம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவர் அம்மாவாக இருப்பார். உயிர்காப்பாளர் கூண்டில் எழுதியிருந்ததை வரி வரியாக உங்களுக்குப் படித்துக் காட்டாமல் அவர் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
பேக்கேஜைத் தன் பெயரில் பதிவு செய்த மகள்