டெரோசனுக்காக என்னோடு கோபித்துக்கொண்ட அண்ணாவுக்கு

அண்ணா,

யூலை 18 திரும்பவும் வந்துவிட்டது, எங்கள் ரொறன்ரோ கூடைப்பந்து அணி டெரோசனைக் கொடுத்து சான் அன்டோனியோ அணியிடமிருந்து கவாய் லெனார்டை வாங்கிய நாள். நேரில் இந்தக் கதையை எடுத்தால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர் சிலரும் இதை வாசிப்பார்கள். ஆகவே உங்கள் பேஸ்மென்டில் ஆட்டம் பார்த்த இரவு அண்ணிக்கு முன்னால் நாங்கள் பேசிய சில சொற்களை இதில் எழுதமாட்டேன்.

டெரோசன் உங்களுக்கு யாரென்று எனக்குத் தெரியும். ஆனால் 2018 கோடையில் தராசைக் கையில் பிடித்திருந்தது சான் அன்டோனியோ என்பதை நீங்கள் யோசிப்பதே இல்லை. அவர்களின் நட்சத்திர வீரர் லெனார்ட் அங்கே இருக்க மாட்டேன் என்கிறார். தொடைக் காயத்தால் முந்தைய சீசனில் ஆடியது 9 ஆட்டம்தான். அடுத்த கோடையில் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், லொஸ் ஏஞ்சலிஸுக்குத்தான் போவார் என்று ஊரெல்லாம் கதை. அப்படிப்பட்டவருக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்? லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ், பொஸ்டன், ஃபிலடெல்ஃபியா என்று பல பெயர்கள் அடிபட்டன. லேக்கர்ஸிடம் நல்ல இளம் வீரர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கொடுத்தால் அதே மேற்குப் பிரிவில் லெனார்டை எதிர்த்தே ஆடவேண்டும். சான் அன்டோனியோ பயிற்சியாளர் பொபோவிச்சுக்கு அப்போது 69 வயது. இளம் பிள்ளைகளை வைத்து முதலிலிருந்து அணி கட்டும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ரொறன்ரோ கொடுத்தது ஒப்பந்தம் மிச்சமுள்ள ஒரு ஓல்-ஸ்டாரை, உங்கள் டெரோசனை. கூடவே யாக்கொப் போல்டல், ஒரு முதல் சுற்று ட்ராஃப்ட் தெரிவு, அதாவது புதிதாக வரும் இளம் வீரர் ஒருவரைத் தெரிவுசெய்யும் உரிமை. அதுவும் முதல் 20 இடங்களுக்குள் விழுந்தால் தரமாட்டோம் என்ற நிபந்தனையோடு. கடைசியில் அது 29ஆம் இடத்தில் விழுந்து கெல்டன் ஜோன்சன் ஆனது. எங்களுக்கு லெனார்டோடு டானி கிரீனும் வந்தார். பிளேஓஃப் சுற்றுகளில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணியிடம் மூன்று வருடம் தொடர்ந்து தோற்றோம், கடைசி இரண்டும் 4-0. நான் எங்கள் அணியை நடத்திய மசாய் உஜிரியின் கதிரையில் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

2019 பெப்ரவரி 22, உங்கள் பேஸ்மென்ட். டெரோசன் சான் அன்டோனியோ உடுப்பில் திரும்பி வந்த ஆட்டம். அரங்கமே எழுந்து கைதட்ட, நீங்களும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ரீவிக்கு முன்னால் எழுந்து நின்றீர்கள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கடைசி விநாடிகளில் சான் அன்டோனியோ ஒரு புள்ளி முன்னால். பந்து டெரோசன் கையில். லெனார்ட் அதைப் பறித்துக்கொண்டு ஓடி டங்க் அடித்தார். நான் கத்திவிட்டேன். 120-117 என்று முடிவதற்குள் நீங்கள் ரீவியை நிறுத்திவிட்டீர்கள். "உனக்கு நன்றி எண்டு ஒண்டு இருக்கா?" என்று கேட்டீர்கள்.

அந்தச் சத்தம் உங்களை நோகடித்ததற்கு மன்னியுங்கள். ஆனால் அது என் அணி அண்ணா, நான் வேறு யாருக்காகக் கத்த? இரவு வேலை முடித்து வந்தும் நித்திரை கொள்ளாமல், அப்பார்ட்மென்டுக்குப் பின்னால் இருந்த கோர்ட்டில் எனக்குப் பந்து தட்டப் பழக்கியது நீங்கள். இந்தப் பைத்தியமே உங்களிடமிருந்து வந்ததுதான்.

உங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2016இல் வேறு எந்த அணியோடும் பேசாமல், சொந்த ஊர் லேக்கர்ஸைக்கூடப் பார்க்காமல், ஐந்து வருடத்துக்கு 139 மில்லியனுக்கு ரொறன்ரோவிலேயே கையெழுத்திட்டவர் அவர். அந்த விசுவாசத்துக்கு எந்த ஒஃபரும் ஈடாகாது. தன்னை அனுப்பமாட்டோம் என்று ட்ரேடுக்கு முன்னர் லாஸ் வேகஸில் அணிக்காரர் சொன்னார்கள் என்று டெரோசன் சொன்னார். உஜிரி பிறகு மன்னிப்புக் கேட்டது ட்ரேடுக்காக அல்ல, அந்தப் பேச்சில் வந்த குழப்பத்துக்காக. அது போதாது என்பதில் நான் உங்கள் பக்கம்.

சரி, அதற்காக என்னை ஏன் தண்டித்தீர்கள்? 2019இல் நாங்கள் சம்பியன் ஆனபிறகு, யூன் 17 வெற்றி ஊர்வலத்துக்கு வாருங்கள் என்று எத்தனை தரம் ஃபோன் எடுத்தேன். ஊரே தெருவில் நின்றது, நீங்கள் ஓவர்டைம் போனீர்கள். லெனார்ட் ஒரே வருடத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போனபோது மட்டும் நீங்களாக ஃபோன் எடுத்தீர்கள், "பாத்தியா" என்று சொல்ல. போவார் என்று தெரிந்துதான் வாங்கினார்கள். அந்த ஒரு வருடத்துக்குத்தான் அந்த விலை.

ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். டெரோசனைப் பற்றி அவனுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும், எனக்கு அப்படிச் சொல்ல வராது. அவனுக்கு முன்னால் மட்டும் அதைக் களவெடுத்த கப் என்று சொல்லாதீர்கள். போன முறை சொன்னீர்கள், அவன் வீட்டுக்கு வந்து என்னிடம் உண்மையா என்று கேட்டான்.

உங்கள் தம்பி