ஊற்றின் பங்கை முதலில் ஒதுக்குங்கள்
நீர் எடுப்பு அனுமதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

நிலத்தடி நீர் எடுக்க அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மழையால் ஆண்டுக்கு எவ்வளவு நீர் நிலத்துக்குள் இறங்குகிறதோ அவ்வளவையும் எடுக்கலாம் என்ற கணக்கில் இன்னும் பல இடங்களில் அனுமதி தரப்படுகிறது. அந்தக் கணக்கில் ஊற்று இல்லை, சதுப்பு இல்லை, மழையில்லா மாதங்களில் ஆற்றில் ஓடும் நீரும் இல்லை. பம்பு வருவதற்கு முன்பும் அந்த நீர் சும்மா கிடக்கவில்லை. ஊற்றாகவும் ஆறாகவும் மரவேர் வழியாகவும் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. ஆழ்துளைக் கிணறு முதலில் நிலத்தின் சேமிப்பைக் குடிக்கும், பிறகு இவற்றின் பங்கைக் குடிக்கும். அமெரிக்க நிலநீரியலாளர் சார்லஸ் தைஸ் இதை 1940-லேயே விளக்கிவிட்டார். இறங்குவது அத்தனையையும் எடுத்தால், ஒருநாள் ஊற்று நின்றே தீரும்.

பம்பின் பாதிப்பு ஆற்றை எட்ட எவ்வளவு காலம் ஆகும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் உள்ள தொலைவின் வர்க்கத்தைச் சேமிப்புக் கெழுவால் (நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை கன மீட்டர் நீர் வெளிவரும் என்ற அளவு) பெருக்கி, நீர்த்தாங்கியின் (நீரைத் தேக்கிக் கடத்தும் நிலத்தடி அடுக்கின்) கடத்துதிறனால், அதாவது அது நீரை எவ்வளவு எளிதில் ஓடவிடும் என்ற அளவால், வகுக்க வேண்டும். தொலைவு 2,000 மீட்டர், கெழு 0.15, கடத்துதிறன் நாளுக்கு 500 சதுர மீட்டர் என்றால் விடை 1,200 நாள். ஆறும் நீர்த்தாங்கியும் நன்றாக இணைந்திருந்தால், அந்த நாளில் பம்பு எடுக்கும் நீரில் ஏறத்தாழ பாதி ஆற்றிலிருந்து வரும். அதே இடத்தில் மூடுண்ட (நீர் எளிதில் புகாத அடுக்கு மேலே மூடிய) நீர்த்தாங்கியாக இருந்து கெழு 0.0005 ஆனால், விடை நான்கே நாள். 1,200 நாள் ஆகும் முதல் வகையில் கோடையில் மட்டும் பம்பை நிறுத்துவதால் அந்தக் கோடைக்குப் பயன் மிகக் குறைவு. சேதம் கண்ணில் பட்டபின் நிறுத்தினாலும் ஆறு இழப்பது ஆண்டுக்கணக்கில் தொடரும்.

ஆகவே எத்தனை லிட்டர் எடுக்கலாம் என்பதோடு, உயிரினம் வாழும் இடத்தில் நீர்மட்டம் எதுவரை இறங்கலாம் என்பதையும் அனுமதியில் எழுதுங்கள். இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் நெவாடாவில் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக்குழியில் வாழும் சிறு மீன், நீருக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரு பாறைத் திட்டில்தான் முட்டையிடுகிறது. 1968-இல் அருகிலிருந்த பண்ணை பம்பு போடத் தொடங்கியதும் மட்டம் இறங்கி, திட்டின் ஒரு பகுதி வெளியே தெரிந்தது. ஒரு கிணறு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1976-இல் உச்ச நீதிமன்றம் பம்புக்கு விதித்த கட்டுப்பாட்டை உறுதி செய்தது. இறுதியாக வகுத்த எல்லை, பாறைச்சுவரில் பதித்த செம்பு வாஷருக்கு 82 செ.மீ. கீழே. யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கக்கூடிய நிபந்தனை அது.

ஆனால் ஊற்றில் மட்டும் அளந்தால் எச்சரிக்கை தாமதமாகத்தான் கிடைக்கும். பம்புக்கும் ஊற்றுக்கும் நடுவே ஒரு கண்காணிப்புக் கிணறு வேண்டும். ஊற்றருகே இரண்டு வேண்டும்: ஒன்று வேர் எட்டும் ஆழத்தில், மற்றது பம்பு இழுக்கும் அடுக்கில். ஒரே குழாயில் இரண்டு அடுக்குக்கும் துளையிட்டால் கிடைப்பது கலப்பு மட்டம். அது எதற்கும் உதவாது. நீரில் தொங்கவிடும் பதிவுக்கருவி காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் 1 செ.மீ. பிழை. மேலே தனிக் காற்றழுத்தமானி வையுங்கள், மூன்று மாதத்துக்கொரு முறை நாடா விட்டுச் சரிபாருங்கள்.

பதிவு மணிக்கொரு முறையாவது இருக்கட்டும். ஆழமில்லாத நீர்மட்டம் வெயில் நாளில் பகலில் சற்று இறங்கி இரவில் ஏறும். மரங்கள் குடிப்பதன் தடம் அது. மழையற்ற காலத்தில் அந்த அலை நாளுக்கு நாள் சுருங்கினால், வேர் நீரை எட்டாமல் போகிறதா என்று உடனே பாருங்கள். மாதமொருமுறை அளப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இறங்கும் வேகமும் முக்கியம்: ஆற்றங்கரைப் பாப்லார், வில்லோ நாற்றுகளின் வேர் நாளுக்கு 2.5 செ.மீ. அளவுக்குத்தான் நீரைத் துரத்திப் போகும்.

ஊற்றின் ஓட்டத்தை 90 பாகை வி-வெட்டுத் தடுப்பால் (ஓட்டத்தின் குறுக்கே வைக்கும், மேல் விளிம்பில் V வடிவில் வெட்டிய பலகையால்) அளக்கலாம். வெட்டின் அடியிலிருந்து நீர் 10 செ.மீ. நின்றால் நொடிக்கு சுமார் 4.4 லிட்டர், 9 செ.மீ. என்றால் 3.4 லிட்டர். ஒரு சென்டிமீட்டரில் கால்பங்கு போய்விடுகிறது! வெட்டில் ஓர் இலை சிக்கினாலும் நீர் உயர்ந்து ஓட்டம் குறையாததுபோல் காட்டும். வாசிக்கும் முன் துடையுங்கள்.

கரிச்சதுப்பு நிலங்களுக்கு, அதாவது அரைகுறையாக மக்கிய தாவரங்கள் கரிமண்ணாகச் சேர்ந்த சதுப்புகளுக்கு, தனி எல்லை தேவை. ஒருமுறை காய்ந்து சுருங்கிய கரிமண் பழைய நிலைக்குத் திரும்பாது. ஸ்பெயினின் தாப்லாஸ் தே தைமியேல் தேசியப் பூங்காவில் நிலத்தடி நீர் வற்றி, 2009-இல் கரிமண் தரைக்கடியில் புகைந்து எரிந்தது.

நாங்கள் கேட்பது: ஊற்றின் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள். ஒவ்வோர் அனுமதியிலும் இரண்டு மட்டங்கள் இருக்கட்டும். முதலாவதைத் தொட்டால் எடுப்பைக் குறைக்க வேண்டும், இரண்டாவதைத் தொட்டால் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் இடைவெளியை மேலே சொன்ன தாமதத்தைக் கணக்கிட்டு வையுங்கள். தாமதம் மூன்றாண்டு என்றால் பத்து சென்டிமீட்டர் இடைவெளி போதாது. புதிய கிணற்றுக்கு விண்ணப்பம் வந்தால், பம்பு ஓடுமுன் குறைந்தது ஒரு முழு ஆண்டின் அளவீடு கையில் இருக்க வேண்டும். அளவீடுகளை மாதந்தோறும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நிலநீரியலிலும் சூழலியலிலும் பணிபுரிவோர்